ஒரே இடம், இரண்டு எண்கள்

கேள்வி: நான் தமிழாசிரியை. கணவர் என் சொந்த அத்தை மகன். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள். இப்போது நான் பத்து வாரக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 5.3 சதவீதம் என்று வந்ததால் எங்கள் இருவரையும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். என் அறிக்கையில், 'எச்.பி.பி. மரபணு, 11பி15.4, சி.97ஜி>சி, ஹெட்டிரோசைகஸ்' என்றும், அடுத்த பக்கத்தில் 'குரோமோசோம் 11, இடம் 5,226,925, சி>ஜி' என்றும் இருக்கிறது. கணவர் வெளியூரில் வேறொரு ஆய்வகத்தில் கொடுத்தார். அவருடையதில் 'பீட்டா குளோபின், ஐ.வி.எஸ். 1-5 ஜி>சி, இடம் 5,248,155' என்று இருக்கிறது. "பெயரும் வேறு, எண்ணும் வேறு. இருவருக்கும் ஒரே குறை இருந்தால்தானே குழந்தைக்கு வரும்?" என்கிறார் அவர். தம்பி இணையத்தில் 11பி15 என்று தேடிப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் கட்டி வரும் நோய் ஏதோ இருக்கிறது என்று பயமுறுத்துகிறான். அத்தை, "எங்கள் வம்சத்தில் யாருக்கும் குரோமோசோம் கோளாறு கிடையாது" என்று பேச்சை நிறுத்திவிட்டார். மரபணு, அல்லீல், லோகஸ், குரோமோசோம் எல்லாம் ஒன்றேதானா? இவற்றில் எந்தச் சொல்லுக்கு நான் பயப்பட வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்ன ஆறுதலை முதலிலேயே உங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதற்காக வருந்துகிறேன். இரண்டு அறிக்கைகளும் சொல்வது ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே மாற்றத்தைத்தான். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோய்க்குக் காரணமாகும் மாற்றம் அது. உங்களுக்குக் கையிலிருக்கும் நாட்கள் குறைவு என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறேன். மனம் பதறினால் அதை முதலில் படித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் ஏட்டுச்சுவடியை வைத்தே விளக்குகிறேன்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருபத்து மூன்று சுவடிக் கட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு படிகள் உண்டு. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அப்பாவிடமிருந்து வந்தது. ஆக மொத்தம் நாற்பத்தாறு. இந்தக் கட்டுகள்தான் குரோமோசோம்கள். சாயமேற்றினால் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்ததால், 1888-இல் வால்டையர் என்ற ஜெர்மானிய அறிஞர் 'நிறமேறும் உருவம்' என்ற பொருளில் இவற்றுக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தார். இலங்கைப் பாடநூல்களில் நிறமூர்த்தம் என்று எழுதுவது அதன் நேர் பொருள்தான். ஒரு கட்டு முழுதாகக் கூடினாலோ குறைந்தாலோ, பாதி அறுந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டாலோ அது குரோமோசோம் கோளாறு. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது டவுன் நோய்க்குறி. உங்கள் அத்தை சொன்னதில் தவறில்லை. இந்த அறிக்கைகளில் குரோமோசோம் கோளாறு எதுவும் சொல்லப்படவில்லை. 'குரோமோசோம் 11' என்று அச்சாகியிருப்பது எந்தக் கட்டில் தேடினார்கள் என்பதைத்தான் குறிக்கிறது.

கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு செய்யுளும் ஒரு மரபணு. பதினோராம் கட்டில் ஏறத்தாழ பதின்மூன்றரைக் கோடி எழுத்துகள் இருக்கின்றன (ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன). அவற்றில் சுமார் 1,600 எழுத்துகள் கொண்ட சின்னஞ்சிறு செய்யுள்தான் எச்.பி.பி. இரத்தச் சிவப்பணுவுக்குள் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பாதியான பீட்டா குளோபின் புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. கணவரின் அறிக்கையில் 'பீட்டா குளோபின்' என்று இருப்பது இதே மரபணுவின் புரதப் பெயர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர், "டாக்டர், எனக்குத் தலசீமியா மரபணு இருக்கிறதாம்" என்று கலங்கிப்போய் உட்காருகிறார்கள். எச்.பி.பி. மரபணு எனக்கும் இருக்கிறது, உங்கள் அத்தைக்கும் இருக்கிறது, பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் யாரும் நலமாக வளர முடியாது. நம் பத்திரிகைகள் 'மரபணு' என்ற ஒரே சொல்லை டி.என்.ஏ. முழுவதற்கும், அதிலுள்ள ஒரு பகுதிக்கும், அந்தப் பகுதியில் வந்த பிழைக்கும் சேர்த்தே எழுதிப் பழகிவிட்டன. உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

அப்படியானால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது எது? அதுதான் அல்லீல். ஒரே செய்யுளை நான்கு சுவடிகளில் பார்த்தால் ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கும். பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போடுவீர்களே, அதுபோலத்தான் இதுவும். இலங்கையில் அல்லீலை எதிருரு என்கிறார்கள். பெரும்பாலான பாடபேதங்களால் பொருள் கெடுவதில்லை. சில, பொருளையே குலைத்துவிடுகின்றன. உங்கள் இரு படிகளில் ஒன்றில் வழக்கமான பாடம் இருக்கிறது, மற்றொன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இரு படிகளும் வேறுபடும் இந்த நிலைக்குத்தான் ஹெட்டிரோசைகஸ் என்று பெயர். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஹோமோசைகஸ். நல்ல படி ஒன்றை வைத்தே உடல் போதுமான அளவு ஹீமோகுளோபினைச் செய்துகொள்வதால் உங்களுக்கு நோய் இல்லை. இரத்தச் சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவையாக இருக்கும், ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்கும், எச்.பி.ஏ.2 கூடியிருக்கும். இவ்வளவுதான். இந்நிலையில் இருப்பவரைக் கேரியர் என்கிறோம். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இப்படி இருக்கிறார்கள், பெரும்பாலானோருக்கு அது தெரியாது. இரத்தசோகை என்று ஆண்டுக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்களில் சிலர் இவர்கள். நீங்கள் இப்போது எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிச்சமிருப்பது லோகஸ். செய்யுள் எந்தக் கட்டில் எந்த ஏட்டில் இருக்கிறது என்ற அமைவிடம் அது. 11பி15.4 என்பது அப்படியொரு முகவரி. 11 என்பது குரோமோசோமின் எண். ஒவ்வொரு குரோமோசோமிலும் இடுப்புப் போலச் சுருங்கிய பகுதி ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். குட்டைப் பக்கத்துக்கு 'பி' என்று பெயர், பிரெஞ்சு மொழியில் சிறியது என்ற சொல்லின் முதலெழுத்து அது. நீண்ட பக்கம் 'க்யூ'. சாயமேற்றும்போது கருப்பும் வெளுப்புமாக மாறி மாறித் தெரியும் பட்டைகளை இடுப்பிலிருந்து நுனியை நோக்கி எண்ணுகிறார்கள். 1971-இல் பாரிஸில் நடந்த மாநாடு வகுத்த முறை இது. ஆகவே 15.4 என்பதைப் 'பதினைந்து' என்று வாசிக்கக் கூடாது. ஒன்று, ஐந்து, புள்ளி நான்கு என்று வாசிக்க வேண்டும். முதலாம் மண்டலத்தில் ஐந்தாம் பட்டை, அதில் நான்காம் உட்பட்டை.

தம்பி பயந்தது இந்த முகவரியைப் பார்த்துத்தான். ஒரு பட்டை என்பது ஒரு தெரு. அதில் எத்தனையோ வீடுகள் உண்டு. 11பி15 பகுதியில் இன்சுலின் மரபணு இருக்கிறது, குழந்தையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் இருக்கின்றன. அந்த வளர்ச்சி மரபணுக்களில் கோளாறு வந்தால் ஏற்படும் அரிய நோயைத்தான் அவர் இணையத்தில் பார்த்திருக்கிறார். உங்கள் அறிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எச்.பி.பி.யும் அதன் உறவான குளோபின் மரபணுக்களும் சேர்ந்த கூட்டத்தின் இரு பக்கமும் வரிசையாக இருப்பவை வாசனையை உணரும் மரபணுக்கள். இரத்தத்துக்கான செய்யுள் மணத்துக்கான செய்யுள்களின் நடுவே வந்து அமர்ந்திருப்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. தம்பியிடம் சொல்லுங்கள்: தெருப் பெயரைக் கொண்டு தேடாமல், மரபணுவின் பெயரையும் மாற்றத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

இனி, உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் பார்த்தவை இரண்டு வேறுபாடுகள், உங்கள் அறிக்கைக்குள்ளேயே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன்.

முதலாவது, மாற்றத்தின் பெயர். கடிதத்தில் நீங்கள் கையால் படியெடுத்து 'சி.97ஜி>சி' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்து எண்ணை வைத்துப் பார்த்தால் அறிக்கையில் இருந்திருக்க வேண்டியது 'சி.92+5ஜி>சி'. தொண்ணூற்றிரண்டையும் ஐந்தையும் கூட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கூட்டல் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. சுவடியில் மூலத்தை எழுதி, நடுவே உரையை எழுதி, மீண்டும் மூலத்தைத் தொடர்வதைப் பார்த்திருப்பீர்கள். மரபணுவும் அப்படித்தான் இருக்கிறது. எச்.பி.பி.யில் மூலம் மூன்று துண்டுகளாக இருக்கிறது, இடையே இரண்டு இடைச்செருகல்கள். புரதம் செய்வதற்கு முன் செல் இந்த இடைச்செருகல்களை வெட்டி நீக்கிவிட்டு மூலத்தை மட்டும் ஒட்டிக்கொள்கிறது. மூலத்தின் தொண்ணூற்றிரண்டாம் எழுத்தோடு முதல் துண்டு முடிகிறது. அங்கிருந்து இடைச்செருகலுக்குள் ஐந்தாவது எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது. '92+5' என்பதன் பொருள் இதுதான். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளத்தில் அந்த எழுத்தும் ஒன்று. அது மாறியதால் செல் பெரும்பாலும் தப்பான இடத்தில் வெட்டுகிறது. சரியாக வெட்டுவது கொஞ்சமே. மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலேயே புரதம் குறைந்துபோகிறது.

இந்த இடைச்செருகலுக்கு ஐ.வி.எஸ். என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஐ.வி.எஸ். 1-5 என்றால் முதல் இடைச்செருகலின் ஐந்தாம் எழுத்து. கணவரின் ஆய்வகம் பழைய வழக்கில் எழுதியிருக்கிறது, உங்களுடையது புதிய வழக்கில். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான்.

இரண்டாவது, அந்தப் பெரிய எண். அது குரோமோசோமின் குட்டைக் கை நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் எத்தனையாவது எழுத்து என்பது. ஆனால் எந்தப் பதிப்பை வைத்து எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். மனிதனின் மரபணுத் தொகுதிக்கும் பதிப்புகள் உண்டு. 2009-இல் வந்த ஜி.ஆர்.சி.எச்.37, 2013-இல் வந்த ஜி.ஆர்.சி.எச்.38 என்ற இரண்டும் ஆய்வகங்களில் இன்றும் புழங்குகின்றன. புதிய பதிப்பில் சில பகுதிகளைத் திருத்தி அமைத்ததால், இந்த இடத்தில் எண்கள் 21,230 குறைந்துவிட்டன. 5,248,155-இலிருந்து 21,230-ஐக் கழித்துப் பாருங்கள், உங்கள் எண் வந்து நிற்கும். ஒரே நூலின் பழைய பதிப்பில் ஒரு பாட்டு 212-ஆம் பக்கத்திலும் புதிய பதிப்பில் 190-ஆம் பக்கத்திலும் இருப்பதைப் போன்றது இது. எந்தப் பதிப்பு என்பது அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் அறிக்கையிலேயே ஒரு பக்கத்தில் ஜி>சி, மறுபக்கத்தில் சி>ஜி என்று இருப்பது. இதுவும் பிழையன்று. டி.என்.ஏ. இரட்டை இழை. ஓர் இழையில் ஜி இருந்தால் எதிரே சி இருக்கும். குரோமோசோமின் இடங்களை ஓர் இழையின் எழுத்துகளால் குறிக்கிறார்கள். எச்.பி.பி. செய்யுளோ எதிர் இழையில், எதிர்த்திசையில் வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. எனவே மரபணுவின் கணக்கில் ஜி சியாக மாறியது, குரோமோசோமின் கணக்கில் சி ஜியாக மாறியதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரின் மாற்றங்களும் உண்மையிலேயே வேறு வேறாக இருந்திருந்தாலும் நிம்மதியடைந்துவிட முடியாது. ஒரே எச்.பி.பி. மரபணுவின் இரண்டு படிகளும் இரண்டு வெவ்வேறு பிழைகளோடு குழந்தைக்கு வந்து சேர்ந்தால், நல்ல படி என்று ஒன்று மிஞ்சாது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கில் செல் (அரிவாள் செல்) நோய்க்கான மாற்றமும் இதே மரபணுவில்தான் இருக்கிறது. தாயிடமிருந்து தலசீமியா அல்லீலும் தந்தையிடமிருந்து சிக்கில் அல்லீலும் பெற்ற குழந்தைக்கும் நோய் வருகிறது. பார்க்க வேண்டியது மரபணு ஒன்றா என்பதை. அல்லீல் ஒன்றா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். குரோமோசோம், மரபணு, லோகஸ் ஆகிய மூன்றுக்கும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அல்லீலைப் பற்றி மட்டும், அதுவும் மாறிய அல்லீல் இரண்டு படியிலும் சேர்ந்து வந்தால் மட்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு படி மட்டும் மாறி உங்களைப் போலவே கேரியராக இருப்பதற்கான வாய்ப்பு நான்கில் இரண்டு. இரண்டு படியும் வழக்கமானதாக இருப்பதற்கு நான்கில் ஒன்று. மகள் நலமாக இருப்பதால் இந்தக் குழந்தைக்கான கணக்கு மாறாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. மகளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். இரண்டு படியும் மாறியிருந்தால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே தெரிந்திருக்கும். அவள் கேரியரா என்பதை அவள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றம் இரண்டு படியிலும் இருந்தால் அது பெரும்பாலும் தலசீமியா மேஜர். குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களில் இரத்தசோகை தொடங்கும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும், உடலில் சேரும் இரும்பை நீக்க மருந்து கொடுக்க வேண்டும். பொருந்தும் கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் குணப்படுத்த முடியும். இன்று நல்ல சிகிச்சை பெற்று, படித்து, வேலைக்குப் போகும் தலசீமியா இளைஞர்களை நான் அறிவேன். அவர்கள் பெற்றோர் பட்ட பாட்டையும் அறிவேன். இரண்டையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரத்திலேயே, கணவரையும் அழைத்துக்கொண்டு, மருத்துவ மரபியல் பிரிவோ கருவியல் மருத்துவப் பிரிவோ இருக்கும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பதினோராவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள், கருவை ஒட்டி வளரும் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து ஒரு துளி எடுத்துக் குழந்தையின் இரண்டு படிகளையும் வாசித்துவிடலாம். அந்தக் காலம் தவறினால் பதினைந்து, பதினாறாவது வாரத்திலிருந்து பனிக்குட நீரில் பார்க்கலாம், ஆனால் முடிவு தெரியத் தாமதமாகும். இருவருடைய மாற்றமும் தெரிந்துவிட்டதால் எங்கே தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு முன்பே தெரியும். இது உங்களுக்குப் பெரிய அனுகூலம். இந்தப் பரிசோதனையில் கருச்சிதைவுக்குச் சிறிய வாய்ப்பு உண்டு. அந்த மருத்துவமனையின் அனுபவம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். ஹீமோகுளோபின் நோய்களுக்காகக் கருவைப் பரிசோதிக்க கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது, பதிவுபெற்ற மையத்தில் மட்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

பரிசோதனை செய்துகொள்வதா, முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதெல்லாம் நீங்களும் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. எந்த மருத்துவரும், எந்தப் பெரியவரும் அதை உங்கள் சார்பில் எடுக்க முடியாது. நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு நோயில்லாத குழந்தைக்கு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவும் அவரும் உடன்பிறந்தவர்கள். உங்கள் இருவரிடமும் ஒரே மாற்றம் இருப்பதால், அது ஒரே தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அவர்கள் இருவர் வழியாக வந்திருக்கலாம். ஆனால் இந்த மாற்றம் நம் நாட்டில் பரவலாக இருப்பதால், வேறு வழியில் வந்திருக்கவும் கூடும். எப்படி வந்திருந்தாலும் அது யாருடைய குற்றமுமன்று, எந்த வம்சத்துக்கும் இழுக்குமன்று. அத்தையிடம் இதைக் கணவரே தனியாகச் சொல்வது நல்லது. அவர் மனம் ஆறிய பிறகு, அவரும் உங்கள் அப்பாவும் எச்.பி.ஏ.2 பரிசோதனை செய்துகொள்ளட்டும். உங்கள் தம்பிக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்றால் அவருக்கு இது மிகவும் அவசியம். கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அப்படியே. தம்பி கேரியராக இருந்தால், மணக்கப்போகும் பெண்ணுக்கும் இதே இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தால் போதும். கேரியர் என்பதற்காகத் திருமணம் நிற்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு அறிக்கைகளின் அசலையும் எல்லாப் பக்கங்களோடும் எடுத்துச் செல்லுங்கள், கையால் எழுதிய படி வேண்டாம். எண் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று இருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள்.